இரவும் பகலும் ஓடும் பந்தயம்

பொங்கல் விழா அன்று நம் சங்கத்துப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ கார் பந்தயத்துக்குத் திரும்பியது. "அங்கிள், ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. லெ மான் பந்தயம் 24 மணி நேரம் ஓடுகிறதாமே! அதைப் போய் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளின் பிரேக்கோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? பாயசம் வருவதற்குள் 1923ஆம் வருடத்தைக்கூட நான் தாண்டவில்லை. எதிர்ப் பந்தியில் இருந்த நம் மலரின் ஆசிரியர், "மீதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்" என்றார். எழுதிவிட்டேன்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து 'லெமான்ஸ்' என்று படிக்கத் தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'லெ மான்' என்பார்கள். பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. அந்தப் பகுதி மோட்டார் கிளப் ஒன்றுதான் ஆரம்பத்திலிருந்து இன்று வரை இந்தப் பந்தயத்தை நடத்தி வருகிறது. இப்போது ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். அதில் ஒரு பெரும் பகுதி, வருடத்தின் மற்ற நாட்களில் லாரியும் காரும் போகிற சாதாரணச் சாலை. பந்தய வாரத்தில் மட்டும் அடைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கும் வேறு மாதிரி. குறித்த தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்று இங்கே பார்ப்பதில்லை. குறித்த 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓடினார் என்பதே கேள்வி. சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு மாலை 4 மணிக்கு நிறுத்தம். நடுவில் ஓர் இரவு முழுக்க இருக்கிறது. அந்த இரவுதான் இந்தப் பந்தயத்தின் உயிர்.

1920களில் கார்கள் வேகமாகத்தான் ஓடின. ஆனால் இருட்டினால் சங்கடம். விளக்குகள் மங்கல், மின்சார இணைப்புகள் அடிக்கடி அறுந்துபோகும். கிளப்பின் செயலாளர் ஜார்ஜ் துரான், பத்திரிகையாளர் ஷார்ல் ஃபரூ, சக்கரம் தயாரிக்கும் கம்பெனியின் பிரதிநிதி எமீல் கோக்கீல் ஆகிய மூவரும் சேர்ந்து யோசித்தார்கள். ஜனங்கள் கடையில் வாங்குகிற மாதிரியான காரையே ஓர் இரவும் பகலும் ஓடவிட்டால், எது தேறும் எது தேறாது என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்படிப் பிறந்தது இந்தப் பந்தயம். 1923 மே 26, 27 தேதிகளில் முதல் முறை நடந்தது. 33 கார்கள் கிளம்பின. மழையிலும் சேற்றிலும் புரண்டு 30 கார்கள் முடித்தன. லகாஷ், லியோனார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் ஷெனார் வால்க்கர் என்ற காரில் 2,209 கிலோமீட்டர் ஓட்டி முதலில் வந்தார்கள்.

எனக்கு அந்த முதல் பந்தயத்தில் பிடித்தது வெற்றி பெற்றவர்களின் கதை அல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரே ஒரு பெண்ட்லி காரின் கதை. டஃப், கிளெமென்ட் என்ற இருவர் ஓட்டினார்கள். அந்தக் காருக்குப் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக்! பிரேக்காரனான எனக்குப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. முன்னால் போகிற கார்கள் வாரி இறைத்த கல்லில் ஒரு விளக்கு உடைந்தது. அப்புறம் இன்னொரு கல் பெட்ரோல் டேங்கில் ஓட்டை போட்டது. வண்டி நடுவழியில் நின்றுவிட, டஃப் கிலோமீட்டர் கணக்கில் ஓடியே வந்து சேர்ந்தார். கிளெமென்ட் ஒரு சைக்கிளைக் கடன் வாங்கி, பெட்ரோல் டின்களைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் மிதித்துப் போய், ஓட்டையை அடைத்து, வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினார். வழியில் ரிப்பேர் என்றால் ஓட்டுகிறவனே, வண்டியில் இருக்கிற சாமான்களை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. இவ்வளவுக்கும் பிறகு நான்காவது இடம்! அடுத்த வருடம் அதே இருவர் வந்து ஜெயித்துக்கொண்டு போனார்கள். 1927 முதல் 1930 வரை நான்கு வருடமும் பெண்ட்லிக்கே வெற்றி.

1930இல் இரண்டு பெண்கள் முதன் முதலாக இந்தப் பந்தயத்தில் ஓட்டினார்கள். மார்கெரித் மரூஸ், ஓடெத் சிக்கோ என்று பெயர். புகாட்டி காரில் ஏழாவதாக வந்தார்கள். 1932இல் சிக்கோ ஆல்ஃபா ரோமியோவில் நான்காவதாக வந்தார். இந்தப் பத்தியை என் மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காரணம் பின்னால் வருகிறது.

உலகப் போர் வந்தது. 1940 முதல் 1948 வரை பந்தயம் இல்லை. 1949இல் மறுபடி ஆரம்பித்தபோது ஃபெராரி முதல் முறையாக ஜெயித்தது. அதை ஓட்டிய லூயிஜி கினெட்டி, தன் கூட்டாளியிடம் மிகச் சிறிது நேரம்தான் வண்டியைக் கொடுத்தார். மீதி நேரமெல்லாம் தானே ஓட்டினார். அடுத்த வருடம் லூயி ரோசியேர் தன் மகனுக்கு இரண்டே சுற்றுக் கொடுத்துவிட்டு மீதியைத் தானே ஓட்டி ஜெயித்தார். அதே 1950இல் எடி ஹால் என்ற ஆங்கிலேயர் யாருக்குமே கொடுக்காமல் 24 மணி நேரமும் ஒற்றை ஆளாக ஓட்டி எட்டாவதாக வந்தார். தனியாக ஓட்டுவது ஒரு வீரமாகிப் போன காலம் அது.

1952இல் பியேர் லெவெக் வந்தார். உண்மைப் பெயர் பியேர் பூயிலென். பழைய காலத்துப் பந்தய வீரரான தன் மாமாவின் நினைவாக அவருடைய பந்தயப் பெயரைத் தான் வைத்துக்கொண்டவர். சொந்தக் காசைப் போட்டு டால்போ கார் ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்தார். கூட்டாளியாக மார்ஷான் என்பவர் தலைக்கவசத்தோடு தயாராக நின்றார். லெவெக் ஒவ்வொரு முறை பெட்ரோலுக்கு வந்து நிற்கும்போதும் இவர் கையை நீட்டுவார்; அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எஞ்சினில் ஏதோ அதிர்வு இருக்கிறது, அதன் போக்கு தனக்குத்தான் தெரியும், வேறு யார் ஓட்டினாலும் உடைத்துவிடுவார்கள் என்று அவருக்கு எண்ணம். இரவு முழுக்க ஓட்டினார். காலையில் மெர்சிடிஸ் கார்களைவிட நான்கு சுற்று முன்னால் இருந்தார். மெதுவாக ஓட்டினாலே ஜெயித்துவிடலாம். முடிய இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது எஞ்சின் உடைந்தது. களைப்பில் கியரைத் தவறாகப் போட்டுவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். ஏற்கெனவே இருந்த கோளாறு என்று சிலர் சொன்னார்கள். எதுவானாலும் மெர்சிடிஸ் முதலிரண்டு இடங்களைப் பிடித்தது.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். 1996 மே மாதம். மாருதி வேன் வாங்கிய முதல் கோடை. பூனாவிலிருந்து திருநெல்வேலிக்கு அதிலேயே போவது என்று கிளம்பினேன். சுமார் 1,450 கிலோமீட்டர். இந்த ரயில் டிக்கெட் தொல்லை தெரிந்த நம் மக்களுக்கு அந்த உற்சாகம் புரியும். மாலை 4 மணிக்குப் புறப்பட்டோம். என் மனைவி உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹூப்ளி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, "ஏங்க, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா? நீங்க கண்ணை மூடிக்கோங்க" என்றாள். "கிளட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணுது. எனக்குத்தான் அதன் பழக்கம் தெரியும். நீ தூங்கு" என்றேன். கிளட்சுக்கு ஒன்றும் இல்லை. கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

சித்ரதுர்காவுக்கு முன்னால், விடியற்காலை நாலரை மணி. நான் தூங்கியது எனக்கே தெரியாது. டயருக்கடியில் சரளைக்கல் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். எதிரே புளியமரம். பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவன் முன் ஸீட்டின் கம்பியில் போய் மோதி, நெற்றியில் நான்கு தையல். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. இந்த மலரில் அவன் பிள்ளைகளின் புகைப்படத்தோடு அவனையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைமுடியை அந்தப் பக்கமாகவே வாரிக்கொள்வான். அங்கிருந்து திருநெல்வேலி வரை பாதி தூரத்துக்கு மேல் மனைவிதான் ஓட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சில வருடம் கழித்து எங்கள் தொழிற்சாலை நூலகத்தில் ஒரு மோட்டார் பத்திரிகையில் லெவெக்கின் கதையைப் படித்தேன். மார்ஷான் கையை நீட்டுகிற இடம் வந்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். அன்றிலிருந்துதான் எனக்கு லெ மான் பைத்தியம்.

இப்போது விதி கடுமை. பொதுவாக ஒரு காருக்கு மூன்று பேர். எந்த 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. எவ்வளவு பெரிய சூரரானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

1953இல் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் நடந்தது. அதுவரை எல்லோருக்கும் டிரம் பிரேக்தான். டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. திரும்பத் திரும்ப மிதித்தால் உள்ளே சூடு அடைபட்டு, டிரம் விரிந்து, பிரேக் ஷூவை விட்டு விலகும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. கம்பட்கி கணவாயில் பழைய அம்பாசடரை இறக்கியவர்களுக்கு இது தெரியும். ஜாகுவார் கம்பெனி டன்லப்போடு சேர்ந்து, காற்றில் திறந்தபடி சுழலும் இரும்பு வட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் பிரேக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. சூடு உடனே காற்றோடு போய்விடும். மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் போட, ஜாகுவார் கடைசி நிமிடம் வரை ஓடிவிட்டுப் போட்டது. ரோல்ட், ஹாமில்டன் இருவரும் ஜெயித்தார்கள். சராசரி வேகம் முதல் முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. இரண்டே வருடத்தில், 1955இல், சித்ரோயென் தன் சாதாரணக் காரின் முன் சக்கரங்களிலேயே டிஸ்க் பிரேக் வைத்து விற்க ஆரம்பித்தது. இன்று உங்கள் வீட்டுக் காரின் முன் சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். பளபளவென்று ஒரு வட்டு தெரியும். அது அதன் வம்சம்தான்.

ஆனால் அதே 1955, இந்தப் பந்தயத்தின் கறுப்பு வருடம். லெவெக்கை அந்த வருடம் மெர்சிடிஸ் கம்பெனியே அழைத்துத் தன் காரைக் கொடுத்தது. அவருக்கு வயது 49. ஜூன் 11, மாலை ஆறரை மணி சுமாருக்கு, ஜாகுவாரில் முன்னணியில் இருந்த மைக் ஹாதார்ன் பெட்ரோலுக்காக வலப்புறம் ஒதுங்கிப் பிரேக் போட்டார். அந்தக் காலத்தில் பெட்ரோல் போடும் இடத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் தன் ஆஸ்டின் ஹீலியை இடப்புறம் திருப்பினார். அவருக்குப் பின்னால் மணிக்கு 240 கிலோமீட்டர் வாக்கில் லெவெக். ஹீலியின் சாய்வான பின்பக்கத்தில் ஏறி மெர்சிடிஸ் வானில் எழும்பி, மண் கரையில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. உடல் பகுதி மக்னீசியம் கலந்த உலோகம். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தீ அதிகமாக எரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லெவெக்கும் போய்விட்டார். சற்றுப் பின்னால் வந்த ஃபாஞ்சியோ, மோதுவதற்கு ஒரு கணம் முன்பு லெவெக் கையை உயர்த்தித் தன்னை எச்சரித்ததாகவும் அதனால்தான் தான் பிழைத்ததாகவும் பின்னர் சொன்னார்.

பந்தயத்தை நிறுத்தவில்லை. அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சாலைகள் அடைபட்டு ஆம்புலன்ஸ் போக முடியாது என்று காரணம் சொன்னார்கள். மாலைக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. மறுநாள் மாலை வரை ஓட்டிப் பரிசும் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ், நள்ளிரவுக்குப் பிறகு தன் மற்றக் கார்களை அழைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஊர் திரும்பியது. அந்த வருட முடிவில் பந்தயங்களிலிருந்தே விலகி, பல பத்தாண்டுகள் ஒதுங்கி இருந்தது. ஜாகுவார் தொடர்ந்து ஓடி ஜெயித்தது. விசாரணையில் எந்த ஓட்டுநர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. 1923இன் வேகத்துக்குப் போட்ட பாதையில் 1955இன் வேகத்தில் ஓட்டியதே கோளாறு. பெட்ரோல் போடும் இடத்தையும் பார்வையாளர் மேடையையும் இடித்துத் திரும்பக் கட்டினார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சர்க்யூட் பந்தயங்களையே தடை செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது.

லெவெக்குக்கு அடுத்து அதே காரை ஓட்டக் காத்திருந்தவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். அவர் பிற்காலத்தில் சாலைப் பாதுகாப்பிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாலத் தூண்களுக்கு முன்னால் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்திருப்பார்கள். வெளிநாடு போய்வந்த நம் சங்கத்தினர் பார்த்திருக்கலாம். அது ஃபிட்சின் கண்டுபிடிப்பு. தானே காரை ஓட்டிக்கொண்டு போய் அவற்றின் மேல் மோதிச் சோதித்துப் பார்த்தார்!

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் பந்தயம் தொடங்கும் முறை வேடிக்கையானது. கார்கள் ஒரு பக்கம், ஓட்டுநர்கள் எதிர்ப் பக்கம். கொடி விழுந்ததும் எல்லோரும் ஓடிப் போய்க் குதித்து ஏறிக் கிளப்புவார்கள். ஸீட் பெல்ட் வந்த பிறகு, அதைப் போட்டுக்கொள்ள நேரம் ஏது? மாட்டாமலே கிளம்பிவிடுவார்கள். 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற 24 வயதுப் பெல்ஜியக்காரர் எல்லோரும் ஓட, இவர் மட்டும் கடைவீதிக்குப் போகிறவர் மாதிரி நடந்து போனார். நிதானமாக ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் புறப்பட்டார். அந்த முதல் சுற்றிலேயே, பெல்ட் மாட்டாமல் விரைந்த ஜான் வூல்ஃப் விபத்தில் இறந்தார். 24 மணி நேரம் கழித்து, சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் இக்ஸ் ஜெயித்தார்! மறுநாள் பாரிஸ் திரும்பும் வழியில் அவருடைய கார் ஒரு கம்பத்தில் மோதி நசுங்கியது. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு காயமில்லாமல் இறங்கினார். 1970 முதல் ஓடி ஏறும் முறை ஒழிந்தது. இக்ஸ் மொத்தம் ஆறு முறை ஜெயித்தார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். 1966இல் ஃபோர்டு ஃபெராரியைத் தோற்கடித்த கதை 2019இல் வந்த ஆங்கிலப் படத்தால் எல்லோருக்கும் தெரியும். 1971இல் ஒரு போர்ஷ கார் ஓடிய 5,335 கிலோமீட்டரை 2010 வரை யாரும் மிஞ்சவில்லை. 1988இல் ஒரு கார் நேர்ச்சாலையில் மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது; இனி தாங்காது என்று 1990இல் அந்தச் சாலையில் இரண்டு இடத்தில் வளைவு வைத்துவிட்டார்கள். 1991இல் மாஸ்டா ஜெயித்தது, ஜப்பானுக்கு முதல் வெற்றி. கடைசியாக ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் களைப்பில் மயங்கி விழ, பரிசு மேடைக்குப் போகவே முடியவில்லை. 2006இல் டீசல் கார் ஜெயித்தது, 2012இல் ஹைப்ரிட். டென்மார்க்கின் டாம் கிறிஸ்டென்சன் ஒன்பது முறை ஜெயித்தவர். 2016இல் முன்னணியில் இருந்த டொயோட்டா, மூன்றே நிமிடம் பாக்கி இருக்கும்போது கோட்டருகே வந்து நின்றுவிட்டது. அந்தக் கம்பெனி 2018இல்தான் முதன் முதலாக ஜெயித்தது. ஐம்பது வருட இடைவெளிக்குப் பிறகு முழு பலத்தோடு திரும்பி வந்த ஃபெராரி 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தது.

நம்மவர்கள்? உண்டு. 2009இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஆடி காரில் ஓட்டுவதாக இருந்தது. பந்தயம் தொடங்கும் முன் ஒரு சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. மூன்று பேருக்கான வேலையைக் கூட்டாளிகள் இருவரே பகிர்ந்துகொண்டு ஏழாவதாக வந்தார்கள். அதில் ஒருவரான லோட்டரர் இரண்டே வருடத்தில் முதல் பரிசே வாங்கினார். 2012இல் சென்னை கருண் சந்தோக் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியரானார். பிராபம், டம்பிரெக் இருவரோடு சேர்ந்து ஆறாவது இடம்.

பந்தியில் கேட்ட தம்பிக்கு: வழக்கமாக ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்குப் பந்தயம் தொடங்கும். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம். அது ஓட்டுகிறவர்களின் வேலை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். வண்டி முழுக்கச் சேறும் பூச்சியும் அப்பியிருக்க, ஒருவர் தட்டுத் தடுமாறி இறங்குவார், இன்னொருவர் ஏறி உட்காருவார். பத்து விநாடி சமாசாரம்தான். அதைப் பார்க்கத்தான் நான் உட்காருகிறேன். காபி தயாராக இருக்கும்.